வலைப்பக்க மூலகங்களின் அகலத்தையும் உயரத்தையும் அளத்தல்

மேலதிகப் பாடம்: தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள்
• ஒரு மூலகத்தின் பெட்டி அமைப்பை வரைந்து அதன் நான்கு பகுதிகளைப் பெயரிடுவீர்கள்.
• ஜாவாஸ்கிரிப்ற் மொழியில் அகலத்தைத் தரும் இயல்புகளை வேறுபடுத்துவீர்கள்.
• ஒரு பெட்டிக்குத் தேவையான இடத்தைச் சரியாகக் கணிப்பீர்கள்.
• எப்போது அளந்தால் பிழையான விடை வரும் என்பதை விளக்குவீர்கள்.

1. அறிமுகம்

மாணவர்களே, சென்ற வருடம் எமது வகுப்பு மாணவி ஒருவர் பாடசாலை இல்ல மெய்வல்லுநர் போட்டியின் பெறுபேறுகளுக்காக ஒரு வலைப்பக்கம் அமைத்தார். மூன்று இல்லங்கள்; ஆகவே மூன்று பெட்டிகள். பக்கத்தின் அகலம் 900 பிக்சல். 900ஐ மூன்றால் வகுத்து, ஒவ்வொரு பெட்டிக்கும் 300 பிக்சல் அகலம் கொடுத்தார். எழுத்துகள் கரையில் முட்டாமல் இருக்க ஒவ்வொரு பக்கமும் 10 பிக்சல் இடைவெளியும், அழகுக்காக 1 பிக்சல் கரையும் இட்டார். பெட்டிகளை இடப்பக்கம் மிதக்கவிட்டு ஒரே வரிசையில் அடுக்கினார்.

மூன்றாம் இல்லத்தின் பெட்டி கீழே விழுந்தது.

அவர் 295 ஆக்கிப் பார்த்தார், விழுந்தது. 290 ஆக்கினார், விழுந்தது. 280 ஆக்கியும் விழுந்தது. 275 ஆக்கியபோது மூன்றும் ஒரே வரிசையில் நின்றன. ஆனால் வலப்பக்கத்தில் 9 பிக்சல் வெற்றிடம் மிஞ்சியது. "சேர், மூன்று 280 என்றால் 840தானே? ஏன் 900க்குள் கொள்ளவில்லை?" என்று கேட்டார்.

இது நல்ல வினா. இதற்கு விடை தெரியாதவர் ஊகித்து ஊகித்து நேரத்தை வீணாக்குவார். விடை தெரிந்தவர் ஒரு கூட்டல் கணக்கில் முடிப்பார். அந்த விடையை இப்பாடத்தில் தேடுவோம்.

2. பெட்டி அமைப்பு

வலைப்பக்கத்திலுள்ள பந்தி, தலைப்பு, பொத்தான், படம் ஆகிய ஒவ்வொன்றையும் உலாவி ஒரு செவ்வகப் பெட்டியாகவே கருதுகின்றது. இதனை விளங்கிக்கொள்ள, சுவரில் மாட்டுவதற்காகச் சட்டம் போட்ட ஒரு புகைப்படத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

(அ) புகைப்படம்: இதுவே உள்ளடக்கம். எழுத்தோ படமோ இருக்கும் பகுதி.
(ஆ) புகைப்படத்தைச் சுற்றியுள்ள வெள்ளை மட்டை: இது உள்ளிடைவெளி.
(இ) மரச்சட்டம்: இது கரை.
(ஈ) அடுத்த படத்துக்கும் இதற்கும் இடையே சுவரில் விடும் இடம்: இது வெளியிடைவெளி.

இப்போது ஒருவர் "இந்தப் படத்தின் அகலம் என்ன?" என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? புகைப்படத்தை மட்டும் அளந்தால் ஒரு விடை. மட்டையையும் சேர்த்தால் இன்னொரு விடை. சட்டத்தின் வெளிவிளிம்பு வரை அளந்தால் வேறு விடை. மூன்றும் சரியானவையே. எந்த விளிம்பிலிருந்து எந்த விளிம்பு வரை என்பதுதான் வேறுபடுகின்றது.

நினைவில் கொள்க: ஒரு மூலகத்துக்கு ஒரே ஓர் அகலம் இல்லை. எந்த எல்லை வரை அளக்கின்றோம் என்பதை முதலில் தீர்மானித்த பின்னரே அளக்க வேண்டும்.

சீ.எஸ்.எஸ் பாணித்தாளில் "அகலம் 300" என்று எழுதும்போது, சாதாரணமாக அது (அ) உள்ளடக்கத்துக்கு மட்டுமே உரியது. மற்றவை அதன்மேல் கூட்டப்படும். ஆகவே அம்மாணவியின் முதலாவது பெட்டியின் உண்மையான அகலம்:

உள்ளடக்கம் = 300
உள்ளிடைவெளி, இருபக்கமும் = 10 × 2 = 20
கரை, இருபக்கமும் = 1 × 2 = 2
மொத்தம் = 322 பிக்சல்

மூன்று பெட்டிகளுக்கும் 322 × 3 = 966 பிக்சல் தேவை. பக்கத்தில் இருப்பதோ 900. எனவே மூன்றாவது பெட்டி கீழே விழுந்தது.

280 கொடுத்தபோதும் 280 + 22 = 302; 302 × 3 = 906. ஆறு பிக்சல் கூடிவிட்டது. 275 கொடுத்தபோது 297 × 3 = 891. ஒன்பது பிக்சல் மிஞ்சியது. சரியான விடை 300 − 22 = 278 ஆகும்.

3. அளக்கும் இயல்புகள்

கணக்கில் கண்டதை உலாவியிடமே கேட்டு உறுதிசெய்யலாம். இதற்கு மேலதிக மென்பொருளோ நூலகமோ தேவையில்லை. உலாவியில் ஏற்கனவே உள்ள ஜாவாஸ்கிரிப்ற் போதும். பின்வரும் மூன்று சோடி இயல்புகளையும் மனதில் இருத்துங்கள்.

(1) ஓஃப்செற்விட்த், ஓஃப்செற்ஹைற்
சட்டத்தின் வெளிவிளிம்பு வரையான அளவு. உள்ளடக்கம், உள்ளிடைவெளி, கரை ஆகியவற்றுடன் உருள்பட்டை இருந்தால் அதுவும் சேரும். வெளியிடைவெளி சேராது.

(2) கிளையன்ற்விட்த், கிளையன்ற்ஹைற்
கரைக்கு உட்பட்ட அளவு. உள்ளடக்கமும் உள்ளிடைவெளியும் சேரும். கரையும் உருள்பட்டையும் சேரா.

(3) ஸ்குறோல்விட்த், ஸ்குறோல்ஹைற்
உள்ளே மறைந்திருக்கும் பகுதியையும் சேர்த்த அளவு. பெட்டிக்குள் உள்ளடக்கம் முழுவதும் அடங்கினால் இது கிளையன்ற் அளவுக்குச் சமன். அடங்காவிட்டால் அதனைவிடக் கூடும்.

இவை மூன்றும் நிறைவெண்ணாகவே விடை தரும்.

எழுதும் முறை: கணினியில் இவற்றை ஆங்கில எழுத்துகளில், இரு சொற்களுக்கிடையே வெற்றிடம் விடாமல், இரண்டாம் சொல்லின் முதலெழுத்தை மட்டும் பெரிய எழுத்தாகத் தட்டச்சிட வேண்டும். ஜாவாஸ்கிரிப்ற் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறாகக் கருதும். எழுத்து மாறினால் எண்ணுக்குப் பதிலாக "வரையறுக்கப்படவில்லை" என்ற பொருள்தரும் பெறுமானமே கிடைக்கும்.

போலிக்குறிமுறை:

தொடங்குக
  பெட்டி = "இல்லம்1" என்ற அடையாளப் பெயருடைய மூலகம்
  வெளி = பெட்டியின் ஓஃப்செற்விட்த்
  உள் = பெட்டியின் கிளையன்ற்விட்த்
  வெளி, உள் ஆகியவற்றைக் காட்டுக
முடிக்க

முதலாவது பெட்டிக்கு வெளி = 322, உள் = 320 என வரும். வித்தியாசமான 2 இரு கரைகளுக்கும் உரியது.

கணினி அறையில் விண்டோஸ் இயங்கும் கணினியொன்றில் குரோம் அல்லது பயர்பொக்ஸ் உலாவியைத் திறந்து எஃப் 12 விசையை அழுத்தினால் உருவாக்குநர் கருவிகள் தோன்றும். அங்குள்ள கட்டளைப் பகுதியில் இதனை ஒவ்வொரு வரியாகச் செய்து பார்க்கலாம்.

4. தசமப் பெறுமானம் தேவைப்படும்போது

1000 பிக்சல் அகலத்தை மூன்று சம பெட்டிகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 333.33 ஆகும். ஓஃப்செற்விட்த் இதனை 333 என மட்டந்தட்டித் தரும். மூன்றையும் கூட்டினால் 999. ஒரு பிக்சல் எங்கே போனது என்று தேடி அலையாதீர்கள்.

இவ்வாறான இடத்தில் "கெற் பவுண்டிங் கிளையன்ற் ரெக்ற்" என்னும் முறையைப் பயன்படுத்துக. இது கரை வரையான அகலத்தையும் உயரத்தையும் தசமத்துடன் தரும். அத்துடன் திரையில் தெரியும் பகுதியின் இடது மேல் மூலையிலிருந்து அந்த மூலகம் எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பதையும் தரும். பக்கத்தை உருட்டினால் அகலம் மாறாது; தூரம் மாறும்.

இன்னொரு வேறுபாடு: பாணித்தாளின் உருமாற்றக் கட்டளையால் ஒரு பெட்டியை இருமடங்கு பெரிதாக்கினால், இம்முறை இருமடங்கான அளவைத் தரும். ஓஃப்செற்விட்த் பழைய அளவையே தரும்.

5. கேட்ட அகலமும் கிடைத்த அகலமும்

மாணவர் பலர் மூலகத்தின் ஸ்டைல் இயல்பில் அகலத்தை வாசிக்க முயல்கின்றனர். அது வெறுமையாக வரும்போது திகைக்கின்றனர். காரணம், ஸ்டைல் இயல்பு அந்த மூலகத்தின் ஒட்டிலேயே எழுதப்பட்ட பாணியை மட்டும் காட்டும். பாணித்தாளில் எழுதியதை அது அறியாது.

பாணித்தாள்கள் யாவும் பிரயோகிக்கப்பட்ட பின் கிடைக்கும் பெறுமானத்தைப் பெற "கெற் கொம்பியூற்றற் ஸ்டைல்" என்னும் சார்பு உண்டு. வெளியிடைவெளியின் அளவையும் இதன்மூலம் பெறலாம். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள்:

எச்சரிக்கை 1: இது தரும் விடையின் தரவு வகை எண் அன்று, சரம். "300" உடன் பிக்சலைக் குறிக்கும் இரு எழுத்துகளும் ஒட்டியிருக்கும். அதனோடு 20ஐக் கூட்டினால் 320 வராது. சரத்தின் முடிவில் 20 ஒட்டிக்கொள்ளும். கூட்டுவதற்கு முன் "பாஸ் புளோற்" சார்பினால் எண்ணாக மாற்ற வேண்டும்.

எச்சரிக்கை 2: பெட்டியில் உருள்பட்டை இருக்கும்போது, இவ்வழியில் பெறும் அகலத்தில் உருள்பட்டையின் இடத்தைக் கழிப்பதா இல்லையா என்பதில் உலாவிகள் வேறுபட்டுள்ளன. ஆகவே அவ்விடத்தில் கிளையன்ற்விட்த் இயல்பிலிருந்து உள்ளிடைவெளியைக் கழித்து உள்ளடக்க அகலத்தைக் காண்பதே பாதுகாப்பானது.

6. அகலத்தின் பொருளை மாற்றுதல்

"பொக்ஸ் சைசிங்" என்னும் பாணி இயல்புக்கு "போர்டர் பொக்ஸ்" எனப் பெறுமானம் கொடுத்தால், நாம் எழுதும் அகலம் கரையின் வெளிவிளிம்பு வரையான அகலமாகக் கொள்ளப்படும். அப்போது 300 என்றால் பெட்டி முழுவதும் 300தான். உள்ளிடைவெளியும் கரையும் அதற்குள்ளேயே எடுக்கப்படும். உள்ளடக்கத்துக்கு 278 மிஞ்சும். அம்மாணவி முதலில் எழுதிய 300ஐ மாற்றாமலே, இந்த ஒரு வரியால் மூன்று பெட்டிகளையும் ஒரே வரிசையில் நிறுத்தியிருக்கலாம்.

வரலாற்றுக் குறிப்பு: சீ.எஸ்.எஸ் முதலாம் நிலை 1996 டிசம்பரில் வெளியானது. அதன்படி அகலம் உள்ளடக்கத்துக்கு மட்டுமே உரியது. ஆனால் இன்ரநெற் எக்ஸ்புளோரர் 5 அகலத்துக்குள் கரையையும் உள்ளிடைவெளியையும் சேர்த்தே கணித்தது. ஒரே பக்கம் இரு உலாவிகளில் இரு விதமாகத் தெரிந்தது. 2001இல் வந்த ஆறாம் பதிப்பு, பக்கத்தின் தொடக்கத்தில் ஆவண வகை அறிவிப்பு முறையாக இருந்தால் நியமப்படி கணித்தது. ஓஃப்செற்விட்த், கிளையன்ற்விட்த் போன்ற இயல்புகளும் மைக்ரோசொப்ற் தனது உலாவியில் முதலில் சேர்த்தவையே. ஏனைய உலாவிகளும் ஏற்றுக்கொண்ட பின்னரே அவை பொது நியமத்தில் எழுதப்பட்டன.

7. எப்போது அளப்பது?

சரியான இயல்பைத் தெரிந்தாலும், பிழையான நேரத்தில் அளந்தால் பிழையான விடையே வரும்.

(i) மூலகம் பக்கத்தில் தோன்ற முன்னர்: நிரல் மேலேயும் மூலகம் கீழேயும் இருந்தால், நிரல் இயங்கும் வேளையில் அந்த மூலகம் இன்னும் உருவாகியிராது. நிரலைப் பக்கத்தின் இறுதியில் இடுக.

(ii) படம் வந்து சேர முன்னர்: படத்துக்கு அளவு குறிப்பிடப்படாவிட்டால், அது தரவிறங்கும் வரை உலாவிக்கு அதன் உண்மையான உயரம் தெரியாது. "லோட்" நிகழ்வின் பின் அளக்க வேண்டும். வேகம் குறைந்த இணைப்பில் இப்பிழை அடிக்கடி ஏற்படும்.

(iii) எழுத்துரு வந்து சேர முன்னர்: ஒரே சொல் இரு எழுத்துருக்களில் இரு அகலம் கொள்ளும். இணையத்திலிருந்து தமிழ் எழுத்துருவைப் பெறும் பக்கத்தில், அது வருமுன் அளந்த அளவு பின்னர் பொருந்தாது.

(iv) மூலகம் மறைக்கப்பட்டிருக்கும்போது: "டிஸ்பிளே" இயல்புக்கு "நண்" எனக் கொடுத்தால் அந்த மூலகத்துக்குப் பெட்டியே இல்லை. எனவே விடை 0. ஆனால் "விசிபிலிற்றி" இயல்பினால் மறைத்தால் பெட்டி இடத்தைப் பிடித்தபடியே இருக்கும். விடை வழமைபோல் வரும்.

8. செய்முறை: தமிழ்ச் சொல் பொத்தானுக்குள் அடங்குகின்றதா?

எமது நாட்டில் ஒரு வலைப்பக்கம் மூன்று மொழிகளிலும் அமைக்கப்படுவது வழமை. ஆங்கிலச் சொல்லை வைத்துப் பொத்தானின் அகலத்தைத் தீர்மானித்துவிட்டுப் பின்னர் அதே பொத்தானில் "பெறுபேறுகள்" என்று இட்டால் சொல்லின் கடைசிப் பகுதி வெட்டுப்பட்டுப் போகலாம். தமிழ் வாசிக்கத் தெரியாத வடிவமைப்பாளருக்கு அது குறையாகத் தெரியாது. ஆனால் அளவு காட்டிக்கொடுக்கும்.

சொல் அடுத்த வரிக்குப் போகாமலும், மிஞ்சும் பகுதி மறையும்படியும் அமைந்த பொத்தான்கள் பல உள்ள பக்கத்துக்கான போலிக்குறிமுறை:

தொடங்குக
  பக்கமும் எழுத்துருவும் வந்து சேரும் வரை காத்திருக்க
  ஒவ்வொரு பொத்தானுக்கும்
    ஸ்குறோல்விட்த் > கிளையன்ற்விட்த் எனின்
      பொத்தானின் சொல்லையும் "வெட்டுப்படுகின்றது" என்பதையும் காட்டுக
    இல்லையெனின்
      எதுவும் செய்ய வேண்டியதில்லை
முடிக்க

ஒரு பொத்தானின் கிளையன்ற்விட்த் 90, ஸ்குறோல்விட்த் 118 எனின் 28 பிக்சல் வெளியே நிற்கின்றது. இதற்குத் தீர்வு எழுத்தைச் சிறிதாக்குவதன்று. நிலையான அகலத்தை நீக்கி, சொல்லுக்கேற்பப் பொத்தான் விரிய விடுவதே சிறந்தது.

9. மாணவர் விடும் பிழைகள்

• ஒரு பக்க உள்ளிடைவெளியை மட்டும் கூட்டுதல். இடமும் வலமும் உண்டு, இரண்டால் பெருக்குக.
• வெளியிடைவெளியும் ஓஃப்செற்விட்த்தில் சேரும் என எழுதுதல். சேராது.
• அளவிடும் இயல்புகளுக்குப் பெறுமானம் கொடுத்து அகலத்தை மாற்ற முயலுதல். இவை வாசிப்பதற்கு மட்டுமே உரியவை. மாற்றுவதற்குப் பாணியின் அகலத்தைப் பயன்படுத்துக.
• சரத்தை எண்ணாக மாற்றாமல் கூட்டுதல்.

10. பயிற்சி வினாக்கள்

(1) ஒரு பெட்டியின் அகலம் 240, உள்ளிடைவெளி 15, கரை 4, வெளியிடைவெளி 12 பிக்சல் (ஒவ்வொரு பக்கமும்). உருள்பட்டை இல்லை. கிளையன்ற்விட்த், ஓஃப்செற்விட்த், பெட்டிக்குத் தேவையான மொத்தக் கிடை இடம் ஆகியவற்றைக் கணிக்க.

(2) அதே பெட்டிக்குப் போர்டர் பொக்ஸ் முறை பிரயோகிக்கப்பட்டால் ஓஃப்செற்விட்த், கிளையன்ற்விட்த், உள்ளடக்க அகலம் யாவை?

(3) ஒரு பெட்டியின் ஓஃப்செற்விட்த் 420, கிளையன்ற்விட்த் 393. கரை ஒவ்வொரு பக்கமும் 5. நிலைக்குத்து உருள்பட்டையின் அகலம் யாது?

(4) ஓர் அறிவித்தல் பெட்டியின் கிளையன்ற்ஹைற் 150, ஸ்குறோல்ஹைற் 600. இதிலிருந்து நீங்கள் அறிவது யாது?

(5) ஒரு பட்டியலின் உயரத்தை அளந்தபோது 0 என வந்தது. இரு காரணங்கள் தருக.

விடைகள்

(1) கிளையன்ற்விட்த் = 240 + 30 = 270. ஓஃப்செற்விட்த் = 270 + 8 = 278. மொத்த இடம் = 278 + 24 = 302 பிக்சல்.
(2) ஓஃப்செற்விட்த் = 240. கிளையன்ற்விட்த் = 240 − 8 = 232. உள்ளடக்கம் = 232 − 30 = 202 பிக்சல்.
(3) 420 − 393 − 10 = 17 பிக்சல்.
(4) உள்ளடக்கம் பெட்டியை விட உயரமானது. 450 பிக்சல் உயரமான பகுதி ஒரே தடவையில் தெரியாது. உருட்டியே வாசிக்க வேண்டும்.
(5) பட்டியல் "டிஸ்பிளே நண்" மூலம் மறைக்கப்பட்டிருக்கலாம். அல்லது அளந்த வேளையில் அதற்குள் உருப்படிகள் இன்னும் சேர்க்கப்படாதிருக்கலாம்.

மாணவர்களே, பெட்டியின் படத்தை ஒரு தாளில் வரைந்து, நான்கு பகுதிகளுக்கும் எண்களை எழுதிய பின்னரே கணக்கைத் தொடங்குங்கள். அம்மாணவி இப்போது அப்படித்தான் செய்கின்றார். அவருடைய பக்கத்தில் மூன்று இல்லங்களும் ஒரே வரிசையில், வெற்றிடம் எதுவுமின்றி நிற்கின்றன.